டபுள் கெப் பிக்கப் கூரைக்குச் சாமான் ராக் அடிக்கும்போது

சட்டத்துக்கு 25 மி.மீ. பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்), 1.6 மி.மீ. கனம் போதும். அதைவிடத் தடிப்பாகப் போட்டால் கூரை தாங்கும் அளவை ராக்கின் பாரமே தின்றுவிடும். வாகனக் கையேட்டில் போட்டிருக்கும் கூரைப் பார அளவு ராக்கையும் சேர்த்துத்தான்.

கல்வனைஸ் பார் என்றால் வெல்ட் பிடிக்கிற இடத்தில் நாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுங்கள். பூச்சோடு வெல்ட் பண்ணினால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிலும் துளை விழும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீங்க.

கொழும்பில் பெரிய எதிரி உப்புக் காற்று. பார் முனைகளைத் தகடு வைத்து மூடி, அடியில் 5 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். உள்ளே வியர்க்கிற தண்ணீர் வடியும். திறந்த முனை ஓட்டத்தில் ஊளையிடும் வேற.

கூரையைத் துளைத்தால் துளையின் விளிம்புக்குப் பிரைமர், மேலே சீலன்ட், உள்ளே அகல வோஷர், நைலொக் நட் (அதிர்வில் கழராமல் இருக்க நைலோன் வளையம் வைத்த நட்). 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.