ஏற்றுமதி நிறுவன நேர்காணலில் எக்செல் தேர்வு: நான் தயாரான விதம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கான தகவல் அறிக்கைகள் தயாரிக்கும்) பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு முன்பாக எக்செல்லில் ஒரு செய்முறைத் தேர்வு இருக்கும் என்று தொலைபேசியில் தெரிவித்தார்கள். அதற்கு முன் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே எக்செல்லுக்கு இருந்த வேலை, டேலியிலிருந்து எடுத்த பட்டியலுக்குக் கோடு போட்டு அச்செடுப்பதுதான். ஆகவே தயாரிப்பை ஏறத்தாழ அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

இத்தகைய தேர்வுக்கென்று பரவலாகக் கிடைப்பவை ஃபார்முலாப் பட்டியல்கள். அவற்றை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. எங்கள் வீதியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவராக) வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "ஃபார்முலா பேரை எல்லாம் கேக்க மாட்டாங்க அம்மணி, எந்த ஸ்டைல்ல எத்தனை பீஸ் பாக்கின்னுதான் கேப்பாங்க" என்றார். ஸ்டைல் என்பது ஓர் ஆடை மாதிரி. அந்த ஒரு வாக்கியம்தான் என் பாடத்திட்டம் ஆயிற்று. ஊத்துக்குளி சாலையில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் என் மாமாவிடம் சென்று, பழைய டெலிவரி சலான் புத்தகங்களையும், அவருடைய மேனேஜர் எக்செல்லில் பதிந்து வைத்திருந்த கோப்பையும் கேட்டு வாங்கினேன். "எனக்கே ஒத்து வராத கணக்கு கண்ணு இது, இதை வெச்சு என்னத்தப் பழகப் போறே?" என்று சிரித்தார். ஒத்து வராத கணக்குதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கோப்பில் ஒரே சாயப்பட்டறையின் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் இருந்தது. சில பெயர்களின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தது. எடை நிரலில் எண்ணோடு சேர்த்துக் 'கிலோ' என்றும் தட்டச்சு செய்திருந்ததால் கூட்டுத்தொகை பாதி வரிகளை விட்டுவிட்டது. சில பக்கங்கள் பழைய பாமினி எழுத்துருவிலும் சில யூனிகோடிலும் இருந்தன. திரையில் இரண்டும் ஒரே பெயராகத் தெரிந்தாலும் எக்செல்லுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஆகவே பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்அப்பைக் கற்பதற்கு முன்பே, இடைவெளி நீக்கும் ட்ரிம், சொல்லை மாற்றும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ், எழுத்தாக உட்கார்ந்திருக்கும் எண்ணை எண்ணாக்கும் வேல்யூ ஆகியவற்றைப் பழகினேன். நாமாக இடம் வலம் மாற்றாத வரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இந்த ஒரு குறிப்பே பல கோளாறுகளைப் பார்த்தவுடன் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

குழந்தைகள் ஆடைகளின் சைஸ் தனித் தொல்லை. மூன்று முதல் நான்கு வயது என்பதற்கு 3-4 என்று தட்டினால், நம் நாட்டுத் தேதி அமைப்புள்ள கணினியில் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழைய சைஸ் திரும்பாது. 2025-ஆம் ஆண்டில் தட்டியிருந்தால் 45750 என்ற எண்தான் நிற்கும். ஏனெனில் எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு வரிசை எண்ணாகவே சேமிக்கிறது. தட்டுவதற்கு முன்பே நிரலை டெக்ஸ்டாக மாற்றிவிட வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். 0457 போன்ற ஸ்டைல் எண்ணின் முன்சுழியம் காணாமல் போவதற்கும் இதுவே மருந்து.

தேடும் ஃபார்முலாக்களில் எக்ஸ்-லுக்அப் எளியது. ஆனால் அது எக்செல் 2021 முதலான பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் உண்டு; 2016, 2019 பதிப்புகளில் இல்லை. அலுவலகங்களில் பழைய பதிப்பே இருக்கக்கூடும் என்பதால் வி-லுக்அப்பையும், அதே வேலையைச் செய்யும் இன்டெக்ஸ்-மேட்ச் இணையையும் கைக்குக் கொண்டுவந்தேன். வி-லுக்அப்பின் நான்காவது இடத்தில் சுழியம் இடாமல் விட்டால் அது தோராயப் பொருத்தத்தை எடுத்துக்கொண்டு, பிழையே காட்டாமல் தவறான விலையைத் தந்துவிடும். பிழை காட்டும் ஃபார்முலாவைவிடக் காட்டாத ஃபார்முலாதான் ஆபத்தானது என்பது என் கருத்து. அதனால்தான் பிழைச் செய்திக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்-எரர் போட்டு எல்லாப் பிழைகளையும் வெறுமையாக்கிவிடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

நான் அதிக நேரம் செலவிட்டது சாயத்தில் ஏற்படும் எடைக் குறைவுக் கணக்கில். ஒரு லாட்டில் (ஒரு தடவை அனுப்பும் தொகுதியில்) 1,000 கிலோ துணி அனுப்பி 950 கிலோ திரும்பினால் குறைவு 5 சதவீதம்; இன்னொரு லாட்டில் 100 கிலோ அனுப்பி 85 கிலோ திரும்பினால் 15 சதவீதம். இரண்டின் சதவீதங்களுக்கும் சராசரி எடுத்தால் 10 என்று வரும்; வரிகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் அந்த நிரலைப் போட்டு ஆவரேஜ் என்று தேர்ந்தெடுத்தாலும் அதே 10 வரும். உண்மையில் அனுப்பியது 1,100 கிலோ, குறைந்தது 65 கிலோ, ஆகவே குறைவு 5.9 சதவீதம்தான். பத்து சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுவனம் சாயப்பட்டறையோடு வீண் வழக்காடும். சதவீதத்துக்குச் சராசரி எடுக்காமல், மொத்தக் குறைவை மொத்த எடையால் வகுக்க வேண்டும். பிவட் டேபிளுக்குள்ளேயே மொத்தங்களைக் கொண்டு கணக்கிடும் கால்குலேட்டட் ஃபீல்டு ஒன்றை அமைத்து இதைச் செய்யலாம்.

சம்பளக் கணக்கும் கேட்கக்கூடும் என்று அக்கா சொன்னதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் பழகினேன். மாதம் 15,000 ரூபாய் வரம்புக்குள் பி.எஃப். பிடிக்கும் இடத்தில், சம்பளம், 15,000 ஆகியவற்றில் சிறியதை மின் (MIN) ஃபார்முலாவால் எடுத்து 12 சதவீதம் கணக்கிட்டால் போதும். உச்சமாக 1,800 ரூபாய் வரும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும் என்பதால் ரவுண்ட்-அப். ஜி.எஸ்.டி.க்கு நிபந்தனை பார்க்கும் இஃப் ஒன்றே போதுமானது: 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பழைய பயிற்சித் தாள்களில் 1,000 ரூபாய் வரம்பும் 12 சதவீதமும் இருக்கின்றன. விகிதங்களை ஃபார்முலாவுக்குள் எழுதாமல் தனிக் கட்டங்களில் வைத்து, எஃப்4 விசையால் டாலர் குறி இட்டு, ஃபார்முலாவை நகலெடுத்தாலும் கட்டம் மாறாதபடி பூட்டிக்கொண்டால் அரசாணை மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். சில மடிக்கணினிகளில் எஃப்4-ஐ எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும்.

எக்செல் வாங்க வசதியில்லாதவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் தொடங்கினால், பிரவுசரிலேயே அதன் இலவச வடிவத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழகலாம். கைப்பேசித் திரையில் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரல்கள் விசைப்பலகைக்குப் பழக வேண்டும்.

தேர்வறையில் இருந்தது எக்செல் 2016. ஆர்டர், கட்டிங், விலை என மூன்று ஷீட்கள். ஸ்டைல், கலர் வாரியாக எத்தனை பீஸ் பாக்கி, பையர் வாரியாக ஆர்டரின் மதிப்பு, கப்பல் தேதி நெருங்கிய ஆர்டர்களுக்கு நிறம் ஆகியவை கேள்விகள். முதலில் மூல ஷீட்களுக்கு நகல் எடுத்து வைத்தேன். பிறகு ஒவ்வொரு ஷீட்டின் வரி எண்ணிக்கையையும் மொத்தப் பீஸையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்-இஃப்ஸ் முடிந்ததும் அவற்றோடு ஒத்துப் பார்த்தேன். இடைவெளி ஒட்டிய கலர் பெயர்கள் எதிர்பார்த்தபடியே வந்தன. சில ஸ்டைல்களில் பாக்கி மைனஸில் வந்தது. ஆர்டரைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டுவது திருப்பூர் வழக்கம் என்பதால் அதைச் சுழியமாக்கி மறைக்காமல், 'கூடுதல் கட்டிங்' என்று தனி நிரலில் காட்டினேன்.

கட்டிங் ஷீட்டில் இரண்டு வரிகள் தேதி, ஸ்டைல், கலர், எண்ணிக்கை என அனைத்திலும் ஒன்றாக இருந்தன. ரிமூவ் டூப்ளிகேட்ஸ் அழுத்தினால் ஒன்று போய்விடும். ஆனால் ஒரே நாளில் இரண்டு மேசைகளில் அதே எண்ணிக்கை வெட்டப்பட்டிருக்கவும் கூடும். ஷீட்டில் லே எண் (வெட்டுவதற்காக மேசையில் விரித்த துணி அடுக்கின் எண்) இல்லாததால் உறுதி செய்ய வழியில்லை. இரண்டையும் மஞ்சளாக்கி, நீக்கினால் பாக்கி எவ்வளவு, நீக்காவிட்டால் எவ்வளவு என்று இரு விடைகளையும் கீழே எழுதி வைத்தேன்.

நேர்காணலில் என் கோப்பைத் திரையில் திறந்து வைத்திருந்த அதிகாரி, ஃபார்முலாக்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் வரிகளைக் காட்டி, "இதை யாருகிட்டக் கேட்டு முடிவு பண்ணுவீங்க?" என்றார். கட்டிங் மாஸ்டரின் லே ரிப்போர்ட்டைப் பார்ப்பேன், அது இல்லையென்றால் வெட்டிய துணிக் கட்டுகளில் ஒட்டும் பண்டில் ஸ்டிக்கர் எண்களை எண்ணச் சொல்வேன் என்றேன். அடுத்து அவர் எதிர்பார்க்கும் சம்பளத்தையும், காங்கேயத்திலிருந்து தினமும் வந்து போக முடியுமா என்பதையும் கேட்டார்.