ஆறாம் செமஸ்டருக்கு மொன்ஷன்கிளாட்பாக்

பாஸ்போர்ட் என் கையில் இல்லை. சென்னை விசா மையத்தில் கொடுத்துவிட்டு வந்து ஒன்பது நாள் ஆகிறது. என் வகுப்பில் எல்லோரும் ஆறாம் செமஸ்டர் தொடங்கிவிட்டார்கள். அந்த ஒரு செமஸ்டரை மட்டும் ஜெர்மனியில் பரிமாற்ற மாணவியாகப் படிக்கப் போவதால், நான் மட்டும் கரூரில் வீட்டில் உட்கார்ந்து ஜெர்மன் எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். ஐம்பத்து மூன்றை அவர்கள் ‘மூன்றும் ஐம்பதும்’ என்று சொல்கிறார்கள். யாராவது போன் நம்பர் சொன்னால் தலை சுற்றும்.

‘எப்படிக்கா போறீங்க?’ என்று ஜூனியர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.டெக் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அப்பா கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் சூப்பர்வைசர். மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். பெட்டிமேல் ‘ஹாம்பர்க்’ என்று அச்சடித்திருப்பதை நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பாவின் முதலாளி ஒவ்வொரு ஜனவரியும் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போய்விடுவார். அப்பா அதிகபட்சம் போனது தூத்துக்குடித் துறைமுகம்.

நான் போகப்போவது மொன்ஷன்கிளாட்பாக். ஜெர்மனியின் மேற்கு ஓரம், நெதர்லாந்து எல்லைக்குப் பக்கம். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம் இல்லையா, அந்த ஊருக்கு ரைன் பகுதியின் மான்செஸ்டர் என்று பேர். அடுத்திருக்கும் கிரேஃபெல்ட் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர்போனது. இரண்டு ஊரிலும் வளாகம் வைத்திருக்கும் ஹோக்‌ஷூலே நீடர்ரைன் கல்லூரியின் ஜவுளித் துறை மொன்ஷன்கிளாட்பாக்கில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது ‘எந்த நாடு?’. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்பெயின், இத்தாலி என்று படம் பார்த்தே ஒரு மாதம் போனது. உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியது நம் கல்லூரிக் காலண்டரை.

கணக்கு இதுதான். நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடியும். இரட்டைப்படை செமஸ்டர் மே வரை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1, கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1. அக்டோபரில் போனால் நம் ஐந்தாவது செமஸ்டர் பாதியில் அறுந்துவிடும், ஆறாவதும் தொடக்கத்தில் அடிபடும். ஒரு செமஸ்டருக்குப் போய் இரண்டைத் தொலைப்பது என்ன புத்திசாலித்தனம்? ஏழாவதில் போகலாம் என்றால் ஆகஸ்டில் பிளேஸ்மென்ட் வந்துவிடும். அப்படிப் போன ஒரு சீனியர் அக்கா, அங்கே அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து ஆன்லைன் இன்டர்வியூ கொடுத்தார். இணைப்பு இரண்டு தடவை அறுந்தது, வேலை கிடைக்கவில்லை.

அவர்தான் எனக்கு வழி சொன்னார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் வேறு, ஹோக்‌ஷூலே வேறு. ஹோக்‌ஷூலே என்பது தொழில்சார் படிப்புக்கான உயர்கல்லூரி. அங்கே கோடைகால செமஸ்டர் மார்ச் 1 அன்றே தொடங்கிவிடும், வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் ஜூலைக்குள் முடியும். அதாவது நம் ஆறாவது செமஸ்டருக்குப் பதிலாக அதைப் படித்துவிட்டு, ஏழாவதில் ஓரிரு வாரம் மட்டும் தவறவிட்டு, பிளேஸ்மென்ட்டுக்குள் திரும்பிவிடலாம். இது தெரிந்த அன்றே நாடு, ஊர், கல்லூரி மூன்றும் முடிவாகிவிட்டன. எங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் இருந்த இடங்களில் மார்ச்சில் தொடங்கியது அது ஒன்றுதான். ஸ்பெயின் போட்டோக்கள் இன்னும் போனில் கிடக்கின்றன.

அடுத்தது பாடப் பொருத்தம். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கடினம் என்று சொன்னால் மிகை இல்லை. அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட் எடுக்க வேண்டும். ஈசிடிஎஸ் என்பது ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுவான கிரெடிட் அளவு. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். நமக்கோ வாரத்தில் எத்தனை பீரியட் என்பதுதான் கிரெடிட். இங்கே எனக்கு 22, அங்கே 30. ஹெச்ஓடி சார் தாளைப் பார்த்துவிட்டு, “முப்பது எப்படிம்மா படிப்பே, இருபத்திரண்டுக்கே அரியர் வெக்கிறீங்களே” என்றார். இரண்டும் வேறு வேறு அளவு, மீட்டரும் கஜமும் மாதிரி என்று சொன்னேன். ஜவுளிக்காரர், உடனே புரிந்துகொண்டார்.

ஆனால் அது மட்டும் போதாது. நம் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அவர்களுடைய ஒரு பாடத்தை வைத்து, சிலபஸ் முக்கால்வாசியாவது ஒத்துப்போகிறது என்று காட்ட வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. ஆங்கிலத்தில் நடத்தும் பாடங்களாகப் பொறுக்கி, யூனிட் யூனிட்டாக அட்டவணை போட்டேன். பதினோரு பக்கம் வந்தது. அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனபோதுதான் கவனித்தேன்: நான் எழுதிய ஒரு பாடம் குளிர்கால செமஸ்டரில் மட்டும் நடப்பது. பாடப் பட்டியலில் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒரு பாடம் மட்டும் எதோடும் ஒட்டவில்லை. அதைத் திரும்பி வந்து டிசம்பரில் தனியாக எழுத வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் காதில் விழுந்த ஒரே சொல் ‘அரியர்’. இன்றைக்கும் அத்தையிடம், “போறதுக்கு முன்னாடியே ஒரு அரியர்” என்றுதான் சொல்கிறார்.

அதன்பின் கோப்பு கல்விக் குழுவுக்குப் போனது. குழு ஆண்டுக்கு இரண்டு முறைதான் கூடும், அதற்கு முன்னால் கோப்பு ஒரு மேஜையில் பத்தொன்பது நாள் தூங்கியது. ஜூனியர்களே, நீங்கள் நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாளே இதைத் தொடங்கிவிடுங்கள். நான் ஜூனில் தொடங்கினேன், செப்டம்பரில் கையெழுத்து வந்தது, அக்டோபரில் கல்லூரி என் பெயரைப் பரிந்துரைத்தது, நவம்பரில் விண்ணப்பித்தேன். ஒரு மாதம் நழுவியிருந்தாலும் போச்சு.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும், ஏன் வருகிறேன் என்று. என் முதல் வடிவம் ‘சிறு வயது முதலே ஜவுளித் துறையின் மீது எனக்கு’ என்று தொடங்கியது. சீனியர் அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு, “சின்ன வயசுல நீ என்ன பண்ணிட்டிருந்தே, நிஜத்தைச் சொல்லு” என்றார். நிஜத்தில் நான் அப்பாவின் செக்கிங் மேஜைக்கு அடியில் ரிஜெக்ட் துண்டுகளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்துதான் கடிதம் பிறந்தது. 1994இல் ஜெர்மனி அசோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றுக்குத் தடை கொண்டுவந்தது. துணியிலிருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமைன் என்னும் வேதிப்பொருள்கள் வெளிப்படலாம் என்பது காரணம். அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1996இல். கரூர்ப் பட்டறைகளில் அன்றைக்குப் பேச்செல்லாம் இதுதானாம். எந்தச் சாயம் போகும், எது திரும்பி வரும், எங்கே டெஸ்ட்டுக்கு அனுப்புவது என்று. எங்கோ ஒரு நாட்டில் போட்ட சட்டம் எங்கள் ஊர்ச் சாயத்தொட்டியை மாற்றியது. அப்பாவுக்கு அந்தச் சட்டத்தின் பெயர் தெரியாது, ஆனால் எந்தச் சிவப்பு ஆகாது என்று தெரியும். சட்டம் போட்ட பக்கத்திலிருந்து, பரிசோதனைக்கூடத்துக்குள் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். இந்த முறை அக்கா ஒரு கமாவைத்தான் மாற்றினார்.

மதிப்பெண் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். நம் சிஜிபிஏவை மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம்முடையதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். என்னுடையது 8.2, பாஸ் 5. பத்தில் 8.2 போனால் 1.8, ஐந்தால் வகுத்தால் 0.36, மூன்று மடங்கு 1.08, ஒன்றைக் கூட்டினால் 2.08. அப்பா எட்டிப் பார்த்தார்.

“என்ன கண்ணு, எட்டு புள்ளி ரெண்டு எடுத்தும் ரெண்டுதானா?”

“அங்க ஒன்னுதாங்கப்பா பர்ஸ்ட்.”

“அப்ப ஃபெயிலானவனுக்கு அஞ்சு மார்க்கா?” என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று முழுக்க மில்லில் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்.

பணம் சிரிக்கிற விஷயம் இல்லை. பரிமாற்ற மாணவர் என்பதால் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, இங்கே வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும். சில கல்லூரிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் நிதி உண்டு, மாதம் 800 முதல் 900 யூரோ வரை கிடைக்கும். எங்களுடையது வெறும் கட்டண விலக்கு ஒப்பந்தம். எனவே விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுன்ட்’. மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோவை முன்கூட்டியே ஒரு ஜெர்மன் கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். போனபிறகு மாதாமாதம் 992 மட்டும் திறக்கும். அதில்தான் அறை வாடகை, சாப்பாடு, 140 யூரோவைத் தாண்டும் மருத்துவக் காப்பீடு எல்லாம்.

“நம்ம காசுக்கு நாமளே மாசாமாசம் கையேந்தணுமா?” என்றார் அம்மா. சரியான கேள்வி. நான் விசா இணையதளத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். அப்போதும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை, எனக்கும்தான்.

ரூபாயில் ஆறு லட்சத்தைத் தாண்டியது. அப்பாவின் சீட்டு முன்கூட்டியே எடுத்தோம், தள்ளுபடி போக வந்தது பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதிக்கு அம்மாவின் ஆரம் அடகுக்குப் போனது. ஒரு சின்ன ஆறுதல்: படிப்புக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் டிசிஎஸ் என்ற முன்வரியைப் பிடிக்க மாட்டார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு ஏழு லட்சம். பழைய வரம்பையே நினைத்துக்கொண்டு, விமான டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நான் இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன்.

விசாவுக்கு இரவு பஸ்ஸில் அப்பாவும் நானும் சென்னை போனோம். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாத் தாளும் இரண்டு செட். கல்லூரி கொடுத்த போனாஃபைட் சான்றிதழில் நான் ஐந்தாம் செமஸ்டர் என்று இருந்தது. அதை பஸ்ஸில் கவனித்து, விடியும்வரை அலுவலக அண்ணாவுக்கு மெசேஜ் போட்டு, கோயம்பேடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை திறப்பதற்காகக் காத்திருந்து, திருத்திய பிரதியை பிரின்ட் எடுத்தோம். தாள்களை முந்தின நாளே ஒருமுறை வாசித்துவிடுங்கள், வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது.

இன்னும் பாக்கி இருப்பது தங்கும் இடம். மாணவர் விடுதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். வீடு கிடைத்துக் குடிபோனதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். தெரிந்தவர் வீட்டுச் சோபாவில் நாலு மாதம் படுத்துக்கொள்ளும் நம் ஊர் உத்தி அங்கே செல்லாது.

பெயர் விஷயத்தை மறந்துவிட்டேன். நம் சான்றிதழ்களில் இனிஷியல்தான் இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை விரித்துப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கி ஒரு கடிதம் வைப்பது நல்லது. டிசம்பரில் வந்த அனுமதிக் கடிதம் எனக்குத்தான், ஆனால் ‘மதிப்பிற்குரிய ஃபிராவ்’ என்று தொடங்கி அடுத்து அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. ஃபிராவ் என்றால் பெண்களுக்குப் போடும் மரியாதை அடைமொழி.

பிரின்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துணியில் நூல் தவறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

“என்ற பேருக்கு முன்னாடி என்னமோ போட்டிருக்காங்களே?”

சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார்.

“இருந்துட்டுப் போகட்டும், ஸ்பெல்லிங் சரியாத்தான் இருக்குது” என்று சொல்லி, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். விசாவுக்கு நான் வேறு பிரின்ட் எடுக்க வேண்டியதாயிற்று.