சிந்துபாத் படகும் சட்சுகி வீட்டு இழுப்பறையும்

டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில் நான் அதிக தடவை ஏறியது சிந்துபாத் படகில்தான். ஒரே நாளில் மூன்று முறை. மூன்றாவது முறை அக்கா வரமாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அக்கா மகளும் மட்டும் போனோம்.

சிந்துபாத் என்றாலே எனக்குக் கன்னித்தீவுதான். சலூனில் முறை வரும்வரை தினத்தந்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அந்த மூன்று கட்டத்தைப் படித்து வளர்ந்தவன் நான். அந்தப் பெயர் ஜப்பானில் ஒரு படகுத்துறையில் எழுதியிருப்பதைப் பார்த்ததுமே கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. உள்ளே போனால் வரிசையே இல்லை என்று சொல்லலாம். படகு மெதுவாகப் போகிறது, இரண்டு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட பொம்மைகள் அசைகின்றன, பாடுகின்றன. ஓரிடத்தில் ஒரு பூதம் உட்கார்ந்து தந்தி வாத்தியம் வாசிக்கிறது. படகு அதன் காலடியில் போகும்போது அண்ணாந்து பார்த்தால் அதன் விரல்கள் பாட்டுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக அசைகின்றன, கண் நம்மைப் பார்த்துத் திரும்புகிறது. பாப்பா என் கையை இறுக்கிப் பிடித்தது பயத்தில் இல்லை. "மாமா, அது நம்மளப் பாத்துச்சு" என்றாள்.

இந்த ரைடு எந்தப் படத்திலிருந்தும் எடுத்ததில்லை. 2001இல் பூங்கா திறந்தபோது இது கொஞ்சம் இருட்டான, மிரட்டலான சவாரியாக இருந்திருக்கிறது. 2007இல் மொத்தமாக மாற்றி, சந்து என்று ஒரு புலிக்குட்டியைச் சேர்த்து, டிஸ்னி படங்களுக்கு இசையமைக்கும் ஆலன் மென்கனிடம் ஒரு பாட்டு வாங்கிப் போட்டார்கள். பாட்டு ஜப்பானிய மொழியில்தான் ஓடுகிறது, ஒரு வார்த்தை புரியாது, ஆனால் வெளியே வந்த பிறகு இரண்டு நாள் வாயில் அதுதான். இதற்கென்று ஒரு படம் வரவில்லை, யாரும் இதன் பொம்மையைக் கேட்டு அழுவதில்லை, ஆனாலும் அந்தப் பூங்காவில் எனக்கு மிகப் பிடித்த பத்து நிமிடம் இதுதான். ஏன் என்று யோசித்துக்கொண்டே வந்ததுதான் மீதிப் பயணம்.

கார்ட்டூன் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் டக் டேல்ஸ் இந்தியில் வரும். வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. அக்காவும் நானும் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இவன் இப்படிச் சொல்லியிருப்பான், அதற்கு அவன் அப்படிச் சொல்லியிருப்பான் என்று நாங்களே கதை கட்டுவோம். இன்றைக்கும் ஒரு அனிமேஷன் படம் நல்ல படமா என்று பார்க்க எனக்கு அதுதான் சோதனை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் நிற்கிறதா? நின்றால் நல்ல படம்.

டிஸ்னிசீ பற்றி இன்னும் கொஞ்சம். டோக்கியோ டிஸ்னிலாண்ட் 1983இல் வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா. அதை ஒட்டி, கடலையே கருவாக வைத்துக் கட்டியது டிஸ்னிசீ. இரண்டையும் நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னியிடம் உரிமம் வாங்கி நடத்துகிறது. நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு நாளைப் பொறுத்து 7,900 யென் முதல் 10,900 யென் வரை. உள்ளே போனதும் ஒரு எரிமலை. அதன் வயிற்றுக்குள் கேப்டன் நீமோவின் ரகசியத் துறைமுகம், தண்ணீரில் நாட்டிலஸ் நீர்மூழ்கி நிற்கிறது, இரும்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். நீமோ யார் தெரியுமா? பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் ஒரு கடல் நாவலில் படைத்த கேப்டன். வெர்ன் பின்னால் எழுதிய இன்னொரு நாவலில் நீமோ பண்டேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் தக்கார், திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. இதை அக்காவிடம் சொன்னதும் "அப்ப நம்ம ஆளுடா" என்று நாட்டிலஸ் முன்னால் நின்று தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அரேபியக் கடற்கரைப் பகுதியில் கறி மசாலா போட்ட பாப்கார்ன் கிடைக்கும். கட்டாயம் வாங்குங்கள். நம் ஊர் வாய்க்கு அது கொஞ்சம் இனிப்புத்தான், ஆனாலும் நாலு நாள் சப்பென்று சாப்பிட்டவர்களுக்கு அந்த வாசனையே போதும்.

சரி, எல்லோரும் கேட்கிற இடத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் 6ஆம் தேதி திறந்த ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ், 32,000 கோடி யென் செலவில் கட்டிய புதுப் பகுதி. ஃப்ரோசன், ரபுன்செல், பீட்டர் பேன் மூன்றுக்கும் தனித்தனி உலகம். ஃப்ரோசன் படகில் எல்சா திரும்பிப் பார்க்கிற வேகம், முகத்தில் அசையும் தசை, எல்லாம் பிரமிக்க வைக்கும். அந்த வேலையைச் செய்தவர்கள் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் படகு மொத்தப் படத்தையும் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல ஓடுகிறது. படம் பார்த்தவனுக்கு அது தெரிந்த கதை, பார்க்காதவனுக்குப் புரியாத கதை. ஒரு காட்சியில் மனது ஒட்டுவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. ரபுன்செல் படகு எனக்கு இன்னும் பிடித்தது, காரணம் அதன் கடைசிப் பகுதி. இருட்டில் தலைக்கு மேல் நூறு நூறு விளக்குகள் மிதக்கின்றன, கீழே தண்ணீரிலும் அதே விளக்குகள், படகு அதற்கு நடுவில் சும்மா போகிறது. கதை நின்றுவிடுகிறது, நாம் அங்கே இருக்கிறோம். எனக்கு வேண்டியது அதுதான். படத்தின் கதையைத் திரும்பச் சொல்ல ஒரு பூங்கா வேண்டாம், படமே போதும். படத்துக்குள் போய் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரத்தான் பூங்கா.

இந்த எண்ணத்தோடு டோக்கியோவின் மேற்கே இருக்கும் மிட்டாகா போனேன், போன இடத்தில் அது உறுதியாகிவிட்டது.

ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் ஸ்டூடியோ ஜிப்லி, அதன் அருங்காட்சியகம் அங்கேதான். அதற்குச் சீட்டு வாசலில் கிடைக்காது, முன்பதிவு மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதச் சீட்டுகள் வரும். நமக்கு அது காலை ஆறரை. மார்ச் 10 அன்று பாப்பாவுக்குப் பரீட்சை, அவள் ஒரு பக்கம் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்க, நான் ஒரு பக்கம் லேப்டாப்பும் போனும் வைத்துக்கொண்டு தவம் கிடந்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கிடைத்தது. பெரியவர்களுக்கு 1,000 யென், பாப்பா வயதுக்கு 400. சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஷின்ஜுகுவிலிருந்து சூவோ லைன் ரயிலில் இருபது நிமிடம் போல. மிட்டாகா நிலையத்திலிருந்து மஞ்சள் பேருந்து உண்டு, ஆனால் நடந்து போங்கள். பழைய கால்வாய் ஒன்றின் ஓரமாகவே பாதை போகும், ஏப்ரலில் மரமெல்லாம் தளிர் விட்டு அந்தப் பச்சை கண்ணைக் குளிரவைக்கும். அருங்காட்சியகம் இருக்கும் பூங்காவின் எல்லையில் முதலில் ஒரு சீட்டுக் கவுண்டர் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால், ஜிப்லியின் 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தில் வரும் பெரிய காட்டுப் பிராணி டோட்டோரோ உட்கார்ந்திருக்கும். அது பொய்க் கவுண்டர், உண்மையான வாசல் இன்னும் தள்ளி. பாப்பா எங்கள் சீட்டை அந்தக் கண்ணாடியில் ஒட்டி டோட்டோரோவுக்குக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. எனக்கு இது முதலில் வருத்தமாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. சுற்றிலும் ஒருவர் கையிலும் போன் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள். வழிகாட்டும் பாதை, அம்புக்குறி எதுவும் கிடையாது. வாருங்கள் சேர்ந்து தொலைந்து போவோம் என்பதுதான் அந்த இடத்தின் அழைப்பே.

கீழ்த்தளத்தில் ஒரு வட்ட மேடை. அதில் நிறைய சின்னச் சின்னப் பொம்மைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. டோட்டோரோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அடுத்தது லேசாக எழுந்திருக்கிறது, அதற்கடுத்தது தரையை விட்டு ஒரு விரல்கடை மேலே. கயிறு தாண்டும் பெண், அதே படத்தில் பூனை உருவில் ஓடும் பூனைப் பேருந்து, எல்லாமே இப்படித் துண்டு துண்டாக. மேடை சுற்ற ஆரம்பிக்கும். வேகம் ஏறும்போது எல்லாம் கலங்கி ஒரே சாம்பல் வளையமாகத் தெரியும். அப்புறம் விளக்கு மாறி மின்னல் மாதிரி விட்டு விட்டு வெட்டும், அந்தக் கணத்தில் டோட்டோரோ குதிக்கிறது. பூனைப் பேருந்து பன்னிரண்டு காலாலும் ஓடுகிறது. ஒவ்வொரு பொம்மை சரியான இடத்துக்கு வரும்போதும் ஒரு வெட்டு வெளிச்சம், நடுவில் இருட்டு, நம் கண் அந்த இருட்டை நிரப்பிக்கொள்கிறது. சினிமா என்பதே இவ்வளவுதான் என்று எந்தப் பலகையும் வைக்காமல் ஒரு குழந்தைக்குச் சொல்லிவிட்டார்கள். பாப்பா ஏழு முறை பார்த்தாள், நான் பக்கத்திலேயே நின்றேன்.

டோட்டோரோவை இயக்கிய, ஜிப்லியை நிறுவியவர்களில் ஒருவரான ஹயாவோ மியாசாகி 2002இல் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது சில முறை கைதட்டிக் காட்டி, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஜப்பானியத்தில் 'மா' என்று பெயர் என்றார். படம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் அது வெறும் பரபரப்புத்தான், நடுவில் ஒரு வெற்று நேரம் வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தச் சுற்று மேடை முன்னால் நின்றபோது அந்தப் பேச்சு அப்படியே ஞாபகம் வந்தது.

அங்கேயே சாட்டர்ன் என்று ஒரு குட்டித் திரையரங்கு. ஜிப்லி இதற்கென்றே எடுத்த குறும்படங்கள் மாற்றி மாற்றி ஓடும். எங்களுக்கு வாய்த்தது டோட்டோரோ படத்துச் சிறுமி 'மே', ஒரு குட்டிப் பூனைப் பேருந்து, இருவரும் வருகிற படம். டோட்டோரோவுக்கு ஒரு சின்னத் தொடர்ச்சி, பதினான்கு நிமிடம் போல. சப்டைட்டில் கிடையாது. ஒரு இடத்தில்கூட எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்த மாதிரியே அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மொழி தெரியாமல் ஒரே இடத்தில் சிரித்தோம். வெளியே வந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேல் மாடியில் மெத்தென்ற பெரிய பூனைப் பேருந்து இருக்கிறது, தொடக்கப்பள்ளி வயதுவரை உள்ள குழந்தைகள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாம். பாப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "மாமா, நீயும் வா" என்று கத்தினாள். வர முடியாது என்று கைகாட்டினேன். அந்த விதி சரியான விதி. மொட்டைமாடித் தோட்டத்தில் ஐந்து மீட்டர் உயர ரோபோ நிற்கிறது, அங்கே போட்டோ எடுக்கலாம்.

அடுத்த நாள் நகோயா. ஷிங்கான்சென் புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து மெட்ரோவில் புஜிகவோகா, பிறகு லினிமோ. லினிமோவுக்குச் சக்கரம் கிடையாது, காந்தத்தில் சில மில்லிமீட்டர் மிதந்து போகிறது. 2005 உலகக் கண்காட்சிக்காகப் போட்டது. அந்தக் கண்காட்சி நடந்த பூங்காவுக்குள்தான் 2022 நவம்பரில் ஜிப்லி பார்க் திறந்தார்கள். பெரிய ரோலர் கோஸ்டர் எதுவும் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்து என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சண்டைக்குப் போவேன். இதை உருவாக்கிய கோரோ மியாசாகி, ஹயாவோ மியாசாகியின் மகன், படம் இயக்க வருவதற்கு முன் பூங்கா, தோட்டம் அமைக்கும் வேலையில் இருந்தவர், மிட்டாகா அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். மரத்தையும் மேட்டையும் இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு அதற்குள் படத்தை வைத்திருக்கிறார்.

இந்தப் பூங்காவின் டொன்டொகோ காடு என்ற பகுதியில், டோட்டோரோ படத்தில் வரும் சட்சுகி, மே அக்கா தங்கையின் வீடு. கண்காட்சிக் காலத்திலேயே கட்டியது. ஜப்பானிய வீடு, ஓரத்தில் ஒட்டவைத்த மாதிரி அப்பாவின் மேல்நாட்டுப் பாணி படிப்பறை. பின்னால் அடிபம்பு. பாப்பா அதைப் பார்த்ததும் "ஆச்சி வீட்டு பம்பு மாதிரியே இருக்கு" என்றாள். இந்த வீட்டில் இழுப்பறைகளைத் திறக்கலாம், அலமாரியைத் திறக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அக்கா ஒரு இழுப்பறையை இழுத்தாள். உள்ளே மடித்து வைத்த உடுப்புகள். பல முறை துவைத்த துணிக்கு இருக்கிற அந்த மெலிவுகூட இருந்தது. படத்தில் இந்த இழுப்பறை திறப்பதை நான் பார்த்த ஞாபகமே இல்லை. கேமரா போகாத இடத்திலும் துணி மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் டோட்டோரோ எங்கேயும் இல்லை, பொம்மை பாடவில்லை, யாரும் வேஷம் போட்டு வந்து கைகுலுக்கவில்லை. வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், நாம் வந்து திண்ணையில் காத்திருக்கிறோம் என்றே தோன்றியது. அக்கா இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடினாள்.

மிட்டாகாவில் நுழைவுச்சீட்டாக ஒரு துண்டு 35 மி.மீ. பிலிம் தருவார்கள், ஏதாவது ஒரு படத்தின் மூன்று கட்டம். யாருக்கு எது வரும் என்று தெரியாது. அக்காவுக்கு ஒரு முகம் வந்தது. பாப்பாவுக்கு வந்ததில் ஆளே இல்லை, ஒரு மண்பாதை, ஓரத்தில் புல், மேலே வானம், மூன்று கட்டமும் ஒரே மாதிரி. மாற்றித் தரட்டுமா என்று அக்கா கேட்டாள், பாப்பா தரமாட்டேன் என்றுவிட்டாள். இப்போது அது அவள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எடுத்துக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் புல் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது.