0.8

ஜூலை 9
மூன்று நாள் விரதம் முடிந்தது. இப்படியொரு விரதம் என்று தெரிந்தால் அம்மா என்ன சொல்வாள்? குழாய் சொட்டும் கழிவறை. வெளியே இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். குப்பியின் மேல் நேரம் எழுதச் சொன்னார்கள்: 10.40.

ஜூலை 10
விந்தணு எண்ணிக்கைக்கு நேரே ‘இல்லை’. குறைவு என்றுகூட இல்லை. விந்தின் அளவு 0.8 மில்லி, குறைந்தது 1.4 வேண்டுமாம். இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததிலும் தேடியிருக்கிறார்கள்.

கோமதி அறிக்கையைத் தன் கோப்பிலேயே வைத்தாள். நான்கு வருடமாகப் பருத்த கோப்பு. கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்த அன்று, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்தபடியே வந்தாள். நாளை வேலைக்குப் போவாயா என்றுதான் கேட்டேன்.

ஜூலை 11
0.8.

ஜூலை 24
அதே கழிவறை. அதே சொட்டு. மறுபடியும் ‘இல்லை’.

ஜூலை 27
முட்டை வடிவ மணிகள் கோத்த மாலை ஒன்றை எடுத்தார் மருத்துவர். 12 மணிகள், 1 மில்லியிலிருந்து 25 வரை. ஒரு கையில் மணி, மறு கையில் என் விதை. 20இல் நின்றது. நல்ல அளவு. எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் இரண்டு ஹார்மோன்களும் சரி.

பிறகு விதைக்கு மேலே விரல்களால் உருட்டித் தேடினார். கயிறுபோலத் தட்டுப்பட வேண்டிய விந்துக்குழாய் இரு பக்கமும் இல்லை. பிறவியிலேயே. விந்துப்பைகளும் வளரவில்லை, விந்தின் அளவு குறைந்ததும், புளிப்பேறியதும், அதில் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லாததும் அதனால்தான். “உற்பத்தி நடக்கிறது, வழிதான் இல்லை” என்றார்.

இரண்டு விரல் போதுமாயிருந்தது. நான்கு வருடத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

ஜூலை 30
சிறுநீரகம் இரண்டும் இருக்கிறதா என்று ஸ்கேன். சிலருக்கு ஒன்றுதான் இருக்குமாம். எனக்கு இரண்டு. வாழ்க!

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. அம்மா கோமதிக்கு மஞ்சள் கயிறு மாற்றிவிட்டு, மரத்தில் தொட்டில் கட்டச் சொன்னாள். கோமதி என்னைப் பார்த்தாள். படித்துறையில் நல்ல கூட்டம். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 6
சிஎஃப்டிஆர் மரபணுச் சோதனை. குழாய் இல்லாததற்குப் பெரும்பாலும் அதில் உள்ள பிழைதான் காரணமாம். இருவரிடமும் பிழை இருந்தால் குழந்தைக்கு நுரையீரல் நோய் வரலாம். விதையிலிருந்து ஊசியால் விந்தணுவை எடுப்பது அதற்குப் பிறகுதான். குறை என்னுடையது, ரத்தம் மறுபடியும் அவளுடையதும்.

ஆகஸ்ட் 14
முடிவு வரவில்லை.

ஆகஸ்ட் 15
விடுமுறை. கோமதி கோப்பை எடுத்துக் கூடத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். அம்மா மாடியிலிருந்து இறங்கி வருகிறாள்.