தோல் பவுச் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் தேர்வில் கொடுத்த பவுச் மூடவில்லை. தையல் நேராக இருந்தது, ஓரம் பளபளப்பாக இருந்தது, ஆனால் மேல் மூடியைக் கொண்டுவந்து பட்டனில் பொருத்தப் போனால் அரை சென்டிமீட்டர் எட்டவில்லை. இழுத்துப் பிடித்து அழுத்தினால் பட்டன் மாட்டியது, கையை எடுத்ததும் பவுச் முதுகு வளைந்து வாழைப்பழம் மாதிரி நின்றது. ஆறு மாதம் படித்து, நான்கு மணி நேரம் உட்கார்ந்து செய்த பொருள் அது. தேர்வாளர் ஒன்றும் திட்டவில்லை, "பேட்டர்ன் எதுல வெட்டினம்மா?" என்று மட்டும் கேட்டார். சார்ட் பேப்பரில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது, எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. காகிதத்துக்குக் கனம் கிடையாது, தோலுக்கு உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் தோலை மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட நீளமாகச் சுற்றி வர வேண்டும், அந்த நீளத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். நாம் பேட்டர்னில் கொடுக்கவில்லை என்றால் மூடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டாம் தடவை தயாரானபோது முதலில் மாற்றியது இதைத்தான்: தோலின் கனத்துக்கு வரும் வரை அட்டையை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, அதில் பேட்டர்ன் வெட்டி, உள்ளே வைக்கப்போகும் பொருளை நிஜமாகவே வைத்துச் சுற்றிப் பார்த்தேன்.

அளவைச் சொல்கிறேன், கார்டு வைக்கும் சின்ன பவுச்சுக்கு. ஏடிஎம் கார்டின் அகலம் 85.6 மில்லிமீட்டர், உயரம் 54, இது உலகம் முழுக்க ஒன்றுதான், அதனால் நம்பி வேலை செய்யலாம். அகலத்தோடு இரு பக்கத் தையலுக்கும் ஓரத்துக்கும் சேர்த்து எட்டு, கார்டு தாராளமாக வந்து போக இன்னும் பத்து, ஆக 104 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டேன். நீளத்தில் முன்பக்கம் 62, முதுகு 68, மூடி 45. கூட்டினால் 175. இங்கேதான் முதல் தடவை நான் நின்றுவிட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் தோல் என்றால் கீழ் மடிப்புக்கு 3, மேல் மடிப்புக்கு 5 கூட்டிக்கொள்ளுங்கள் (மேலே மூடி முன்பக்கத் தோலையும் உள்ளே இருக்கும் கார்டுகளையும் சேர்த்துத் தாண்டி வர வேண்டும்), 183 வரும். ஒரே துண்டு, இரண்டு மடிப்பு, இரண்டு பக்கத் தையல், அவ்வளவுதான் இந்தப் பவுச். இது என் கைக்கு வந்த கணக்கு, உங்கள் தோலுக்கு அட்டையை மடித்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

தோலைப் பற்றி. பயிற்சிக்குத் தோல் வாங்கச் சென்னைப் பெரியமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன், அங்கே சதுர அடிக் கணக்கில்தான் விலை, தோலின் பின்பக்கத்திலேயே அளவை எழுதியிருப்பார்கள். மடித்துக் கைத்தையல் போடுகிற வேலைக்குத் தாவரப் பதனீட்டுத் தோலை, அதாவது மரப்பட்டை, காய்ச் சாற்றில் பதனிட்ட தோலைக் கேளுங்கள். திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பதனிடும் இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் அந்த வகைதான், ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார்கள், பிற்பாடு ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. இந்தத் தோல் தண்ணீர் காட்டினால் இளகும், மடித்து உலர்த்தினால் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளக்கும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் இதில் எதையும் செய்யாது, மடித்தால் எழுந்து நிற்கும். சாயம் நன்றாக ஏறாத குரோம் தோலாக இருந்தால் வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் தெரியும், தாவரத் தோலில் பழுப்புதான். தேர்வில் தோலை அவர்கள்தான் கொடுப்பார்கள், ஆனாலும் கையில் வாங்கியதும் இதைப் பார்த்துவிடுங்கள், எங்கள் வாய்மொழித் தேர்வில் இதையே கேட்டார்கள். வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இருக்கும், இழுத்தால் நீளும். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும். பவுச்சின் நீளவாட்டம் இழுவை குறைந்த திசையில் விழுகிற மாதிரி பேட்டர்னை வையுங்கள்.

வெட்டுவதற்கு எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தராத ஒரு விஷயத்தை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் செருப்பு தைக்கும் அண்ணன் சொன்னார். என் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பையில் இருந்த கோணலாக வெட்டிய துண்டைக் காட்டினேன். பார்த்ததும் "அழுத்தாதீங்க தங்கச்சி, மூணு தடவை இழுங்க" என்றார். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் கத்தி சாய்ந்து ஓரம் சரிவாகிவிடும். முதல் இழுப்பு கோடு போட மட்டும், இரண்டாவது பாதி ஆழம், மூன்றாவதில் பிரியும். சாதாரண கட்டர் பிளேடு போதும், ஆனால் தேர்வு அன்று புது நுனி உடைத்துக்கொள்ளுங்கள். கீழே கனமான ரப்பர் ஷீட், மேலே இரும்பு ஸ்கேல், விரல்கள் ஸ்கேலின் விளிம்பைத் தாண்டக் கூடாது.

வெட்டியதும் தைக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். பாக்கெட்டின் வாய் ஓரம், அதாவது முன்பக்கத்தின் மேல் விளிம்பை இப்போதே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்துவிட வேண்டும், தைத்த பிறகு அங்கே கை சரியாகப் போகாது. பின்பக்கச் சொரசொரப்பையும் இப்போதே மெழுகு தடவி அடக்கிவிடுங்கள், இரு ஓரத்திலும் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே பசை பிடிக்க வேண்டும்.

அப்புறம் மடிப்பு. ஸ்பான்ஜால் துண்டு முழுவதையும் லேசாக நனையுங்கள், மடிப்பு விழும் இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்த பின் அங்கே கறைக் கோடு நிற்கும். கனமான தோல் என்றால் நனைப்பதற்கு முன்பே மடிப்புக் கோட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் சீவிவிடுங்கள். காய்ந்த தோலை வெடுக்கென்று மடித்தால் மேல்பரப்பு வெடிக்கும், ஈரத்தில் மடித்துக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் வெடிக்காது. கிளிப் போட்டு உலரவிடும்போது தோலுக்கும் கிளிப்புக்கும் நடுவே காகிதம் வையுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்: ஈரமான தாவரத் தோலில் இரும்பு பட்டால் கருநீலமாகக் கறை பிடிக்கும், போகவே போகாது. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வினைதான் உங்கள் தோலில் நடக்கிறது. என் பயிற்சிப் பவுச் ஒன்றில் இரண்டு கிளிப் அச்சு இன்னும் இருக்கிறது.

பட்டன் விஷயம்தான் இதில் ரொம்ப முக்கியம், இதன் வரிசையை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். முதல் தடவை நான் தட்டையான துண்டில், காகித பேட்டர்னைப் பார்த்து, டிச் பட்டனின் இரண்டு பாதிகளையும் முதலிலேயே அடித்துவிட்டேன். அதன் பிறகு திரும்பிப் போக வழியே இல்லை, போட்ட ஓட்டையை மூட முடியாது. சரியான வரிசை இது. மடிப்பு உலர்ந்ததும், பசை போடுவதற்கு முன்னால், உள்ளே நாலைந்து கார்டு வைத்து, பக்கங்களில் கிளிப் போட்டு, மூடியை இயல்பாகப் படியவிட்டு, அது எங்கே வந்து உட்காருகிறதோ அதை வைத்து முன்பக்கத்தில் புள்ளி வையுங்கள். கிளிப்பைக் கழற்றி விரித்து, கீழ்ப் பாதியை மட்டும் அடியுங்கள், ஏனென்றால் தைத்த பிறகு அந்த இடத்துக்கு உள்ளே தாங்குகட்டை வைத்து அடிப்பது பெரும்பாடு. மேல் பாதியைக் கடைசியில் அடியுங்கள். எல்லாம் முடிந்து, கார்டு வைத்து மூடி, மேலிருந்து கட்டை விரலால் அழுத்தினால் கீழ்ப் பாதியின் குமிழ் மூடியின் உள்பக்கத்தில் பள்ளம் பதிக்கும், அந்தப் பள்ளத்தில்தான் ஓட்டை.

பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகுதான் துளை, இரண்டு அடுக்கும் சேர்ந்தே துளைபட்டால் முன்னும் பின்னும் தானாக ஒத்துப்போகும். ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரை நான்கு மில்லிமீட்டர் விரித்து ஓரத்தை ஒட்டி இழுத்தால் தையல் கோடு கிடைத்துவிடும். பல் உளியால் (முள்கரண்டி மாதிரி வரிசையாகப் பல் உள்ள உளி) நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு துளை, ஒவ்வொரு அடிக்கும் முதல் பல்லை முந்தைய கடைசித் துளையில் வைத்து நகர்த்துங்கள், இடைவெளி மாறாது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 துளை வரும். மடிப்பின் மேலேயே துளை போடாதீர்கள், ஒரு துளை தள்ளி ஆரம்பியுங்கள்.

தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல், அதோடு இரண்டு ஊசிக்கும் சேர்த்து ஒரு சாண். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நூல் போக வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறது என்பதைக் கடைசி வரை மாற்றாதீர்கள், மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் வேறு சாய்வில் விழும், தேர்வாளர் கண் நேராக அங்கேதான் போகும். பாக்கெட் வாய்க்கு வந்ததும் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கூடுதலாகப் போட்டு, இரண்டு துளை பின்னால் வந்து முடியுங்கள். கார்டை இழுக்கும்போதெல்லாம் சுமை அந்த இடத்தில்தான் விழுகிறது. மெஷின் தையலைவிட இது ஏன் உறுதி என்று என்னிடம் கேட்டார்கள். மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் துளைக்குள் கொக்கி போட்டுக்கொண்டு நிற்கின்றன, ஒன்று அறுந்தால் மற்றது உருவிக்கொண்டு வரும். கைத்தையலில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் அதே துளையில் எதிர்ப்பக்கமிருந்து வந்த நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

நேரம் பற்றிக் கேட்டீர்களானால், இரண்டாம் தடவை நான்கு மணி நேரத்தில் ஒன்றே கால் மணி நேரத்தை ஊசி எடுக்காமலேயே செலவழித்தேன், பேட்டர்னுக்கும் மடிப்புக்கும். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் ஒரு பக்கம் தைத்து முடித்திருந்தார்கள், எனக்கு உள்ளங்கை வியர்த்தது, ஆனாலும் கார்டை வைத்து மூடிப் பார்க்காமல் பட்டன் அடிப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். தையல் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றே கால் மணி நேரம். ஓரத் தேய்ப்புக்குக் கடைசியில் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்: உப்புத்தாளில் முதலில் 220 நம்பர், பிறகு அதைவிட நைஸான 400, ஒரு சொட்டுத் தண்ணீர், மழமழப்பான மரக்கட்டையால் சூடேறும் வரை தேய்ப்பு, முடிவில் தேன்மெழுகு. தண்ணீர் அதிகமானால் ஓரம் உப்பிவிடும்.

வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மேசையிலிருந்து தள்ளிவிடாதீர்கள். முதல் துளையையும், முதல் பட்டனையும், முதல் ஓரத் தேய்ப்பையும் அந்தத் துண்டில் செய்து பார்த்துவிட்டுப் பவுச்சுக்கு வாருங்கள். நான் கடைசியில் பட்டன் அடித்துப் பார்த்த அந்தத் துண்டையும் பவுச்சோடு சேர்த்தே கொடுத்தேன். தேர்வாளர் மூடியை இரண்டு தடவை திறந்து மூடினார், கார்டுகளை எடுத்துவிட்டு இன்னொரு தடவை மூடினார், எழுதிக்கொண்டார்.