கடக்காலுக்கு முன் ஒரு குழி

பல்லடத்திலிருந்து சூலூர் நோக்கி வரும் வழியில் உழுது போட்ட காடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் கரிசல்தான் கண்ணில் படும். காங்கயம், சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும் கிடக்கும். சில இடங்களில் இரண்டு மூன்றடி தோண்டியதுமே கடப்பாரை பாறையில் முட்டும். ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே லேஅவுட்டின் மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும்கூட மண் மாறுவதுண்டு. ஆனாலும், மைத்துனர் வீட்டுக்குப் போட்ட அதே ஆழம், அதே கம்பி, அதே மேஸ்திரி என்று முடிவு செய்துகொண்டுதான் நம் மக்களில் பலர் பூமி பூஜைக்கு நாள் குறிக்கிறார்கள். வீட்டுக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து பிழைக்கும் எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மனையில் முதலில் எடுக்க வேண்டியது கடக்கால், அதாவது அஸ்திவாரம், அல்ல, மண்ணைப் பார்ப்பதற்கான ஒரு குழி என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு குழிகளை ஆறேழு அடி ஆழத்துக்கு எடுத்தால், எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்பது சுவரில் கோடு போட்டதுபோலத் தெரிந்துவிடும். மேலே கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த மண், அதற்கும் கீழே சிதைந்த பாறை என்ற வரிசையைப் பல இடங்களில் பார்க்கலாம். அனுபவப்பட்ட கொத்தனார் ஒருவர் ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரி போல உருட்டிப் பார்த்து, அது அறுபடாமல் நீண்டுகொண்டே போனதும், "இது ஈரங்கண்டா ஊதுமுங்க, வெயில் கண்டா வாயைப் பொளக்குமுங்க" என்றார். சோதனைக்கூடத்தில் இதையே அளந்து சொல்கிறார்கள். உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவுகோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் கரிசல் அப்படியே படிந்து கிடக்கும். தண்ணீரில் உப்பி மேலேறும். மண்ணெண்ணெயில் உள்ள அளவைவிடத் தண்ணீரில் உள்ளது 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், அந்த மண்ணில் சாதாரணக் கடக்கால் போடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட வேண்டும்.

கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே தண்ணீரை இழுத்துக்கொண்டு விரிவதும், காய்ந்ததும் சுருங்குவதும்தான் இதற்குக் காரணம். கோவை, திருப்பூரை ஒட்டிய நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் மண் காய்ந்து, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் வீட்டுக்கு அடியில் நடக்கிறது, அதுவும் சீராக நடப்பதில்லை. சுவரை ஒட்டிய ஓர மண் மழையில் ஊறி உயரும்போது நடுவீட்டு மண் அசையாமல் இருக்கும். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகள் வழியே சாய்வாக இறங்கும் விரிசலைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோடையில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருக இடம் தரும் அதே விரிசல், மழை முடிந்தபின் கோடாகச் சுருங்கிவிடும். அதைப் பட்டி போட்டு அடைத்துப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. மண் அடங்காத வரையில் அது திரும்ப வரும்.

அப்படியென்றால் அதே மண்ணில் பாட்டன் காலத்துத் தொட்டிக்கட்டு வீடுகள் எப்படி நின்றன என்று கேட்பது நியாயம். அந்தச் சுவர்கள் கனமானவை. அகலமான கருங்கல் அடித்தளத்தின் மேல் மண்ணாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புக் காரை சிமெண்டைப் போல விறைப்பானதல்ல என்பதால், அசைவை மெல்லிய கீறல்களாகப் பகிர்ந்துகொள்ளும். அந்தக் கீறல்களையும் பொங்கலுக்குப் பொங்கல் பூசி மெழுகியதில் மறைத்து வந்தார்கள். இன்றைய ஒன்பதங்குலச் செங்கல் சுவரிலும் சிமெண்டு கலவையிலும் அந்த நெகிழ்வை எதிர்பார்க்க முடியாது.

கனத்த கரிசலுக்கு உறுதியான வழி, மண் ஊறிச் சுருங்கும் ஆழத்தைத் தாண்டிப் போவதுதான். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே வளர்த்தெடுத்த அண்டர்ரீம்டு பைல் (அடி அகன்ற கான்கிரீட் தூண்) முறையில், மண்ணில் இடும் துளையின் அடிப்பகுதியைக் குமிழாக அகலப்படுத்திக் கான்கிரீட் போடுகிறார்கள். குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல வழக்கமாக இரண்டரை மடங்கு. ஆழம் குறைந்தது 3.5 மீட்டர். மேல் மண் உப்பித் தூக்க முயன்றாலும், கீழே உள்ள குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. இதில் மிக முக்கியமானதும் வேலையிடத்தில் பெரும்பாலும் கோட்டைவிடப்படுவதும் ஒன்றுண்டு: பைல்களின் தலைகளை இணைக்கும் பீமுக்குக் (கான்கிரீட் உத்தரத்துக்குக்) கீழே மூன்றங்குல அளவுக்கு வெற்றிடம் விட வேண்டும். பீம் மண்ணின் மேல் படிந்து கிடந்தால், பைலுக்குக் கொட்டிய பணம் அத்தனையும் வீண். மண் உப்பும்போது பீமை நேராகத் தூக்கிவிடும். கரிசலின் கனம் குறைவாக இருக்கும் மனைகளில், அதை முழுவதும் வாரி வெளியேற்றி, சரளை மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திம்சு போட்டு (இடித்து இறுக்கி), அதன் மேல் கடக்கால் எடுப்பது செலவு குறைந்த வழி.

வாரி எடுத்த அந்தக் கரிசலைக் கொண்டே பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் உள்ள இடத்தை, நிரப்புவதைப் போன்ற தவறு வேறொன்று இல்லை. லாரி வாடகை மிச்சம் என்று செய்கிறார்கள். முதல் மழைக்காலத்திலேயே ஹாலின் நடுவில் டைல்ஸ் மேடிட்டு, நடக்கும்போது டொக் டொக்கென்று ஒலிக்கத் தொடங்குகிறது. பேஸ்மட்டத்துக்குள் கிராவல் (சரளை) மண்ணைத் தவிர வேறொன்றும் போகக் கூடாது. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டு, அது சுவரைச் சந்திக்கும் இடுக்கைத் தார் கொண்டு அடைப்பதும், மாடித் தண்ணீரைக் குழாய் வழியே அந்தத் தளத்துக்கு அப்பால் விடுவதும் அவசியம். கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சுவரோரம் வைக்கவே கூடாது. கரிசல் தண்ணீரை எளிதில் உள்வாங்காது என்பதால், குழித் தண்ணீர் கடக்காலின் ஒரு மூலையை மட்டும் ஆண்டு முழுவதும் ஊற வைத்துக்கொண்டிருக்கும். வேப்ப மரத்தையும் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியே வைக்க வேண்டும். அதன் வேர் கோடையில் சுவருக்கடியில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மண்ணை மேலும் சுருக்கும்.

செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே அஞ்ச வேண்டியது பாதி வீடு பாறையிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நிற்பது. அதைவிட மோசமானது மூடிய கிணறு. தோட்டம் மனைகளாகும்போது, வற்றிப்போன அகலமான இறவைக் கிணறுகளில் இடிபாட்டையும் குப்பையையும் தள்ளி மட்டம் செய்துவிடுகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மனை வாங்குமுன் சர்வே எண்ணின் புலப்படத்தை வாங்கிக் கிணற்றுக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதும், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை விசாரிப்பதும் மண் சோதனைக்கு இணையான வேலைகள்.

எந்த மண்ணானாலும் ப்ளிந்த் மட்டத்திலும் (தரை மட்டம்) லிண்டல் மட்டத்திலும் (கதவு, ஜன்னலின் மேல் மட்டம்) சுவர்களைச் சுற்றிவர கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் ரிக்டர் அளவில் ஏறத்தாழ 6 வலுவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடமும் கோவையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. சுவர்களை ஒன்றாகக் கட்டிப் பிடிக்கும் அந்த பெல்ட், மண்ணின் அசைவுக்கும் உதவும்.

இனி காற்று. வைகாசியில் பூமி பூஜை போட்ட வீட்டின் மேல்தளம் பெரும்பாலும் ஆடி, ஆவணி வாக்கில்தான் கான்கிரீட்டுக்கு வரும். அப்போதுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். வெயில் தெரியாத, மேகம் மூடிய நாளானாலும் அந்தக் காற்று தளத்தின் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். கான்கிரீட் இறுகுமுன்பே, மட்டப்பலகை இழுத்த சில மணி நேரத்துக்குள், இணைகோடுகளாகக் கீறல் விழும். ஆகையால் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகட்டை நனைத்துவிட்டு, காற்றின் வேகம் குறைந்த நேரமாகப் பார்த்துத் தொடங்கி, மட்டம் இழுத்த பகுதியை உடனுக்குடன் பாலிதீன் விரிப்பால் மூடிக்கொண்டே வர வேண்டும். காற்றுக்கு ஈடாகக் கலவையிலேயே தண்ணீரைக் கூட்டுவது தீர்வாகாது. வீடுகளுக்கு வழக்கமான எம் 20 தரக் கலவையில் 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் போனால் வலு குறையும். ஓஸ் பைப்பை மிக்ஸருக்குள் விட அனுமதிக்கவே கூடாது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றங்கரையோர நிலத்தடி நீர் கெட்ட கதை நமக்குப் புதிதல்ல. கம்பி போட்ட கான்கிரீட்டில் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 சொல்கிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, சில ஆண்டுகளில் சன்ஷேடின் அடிப்பூச்சைத் தள்ளிவிடும். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

காய்ந்த வெப்பமான சூழலில் சாதாரண சிமெண்டுக்குப் பத்து நாளும், இப்போது நாம் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் போன்ற பொருள் கலந்த சிமெண்டு) வகைக்குப் பதினான்கு நாளும் தண்ணீர் கட்ட வேண்டும் என்பது அதே விதிநூலின் பரிந்துரை. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துவதை எல்லோரும் செய்கிறார்கள்; தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதைத்தான் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். சதுரடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்ட் பேசும்போது, பதினான்கு நாளும் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு, சாக்கு யார் வாங்குவது என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.