கடலிலிருந்து கடலுக்கு: பென்னைன் மேடுகளில் சைக்கிள் நாட்குறிப்பு

மே 10, கார்லைல்

வடக்கு இங்கிலாந்தைக் குறுக்காகக் கடக்கும் சீ-டூ-சீ சைக்கிள் பாதை 1994-இல் திறக்கப்பட்டது. மேற்குக் கரையில் வைட்ஹேவன் அல்லது வொர்க்கிங்டனில் தொடங்கும். கிழக்கே சண்டர்லேண்டிலோ டைன்மவுத்திலோ முடியும். மொத்தம் சுமார் 225 கி.மீ. சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள் இந்தத் தூரத்தைப் பார்த்து இரண்டே நாள் போதும் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். இங்கே கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை. எந்த கியரில், எவ்வளவு சுமையோடு ஏறுகிறோம், காற்று எந்தப் பக்கம் என்பவைதான் அன்றைய ஓட்டத்தை முடிவு செய்யும்.

கியர் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 13, பைகள் 12, ஆக 95 கிலோ. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 2.15 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கி.மீ. 15 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு, எடையைத் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 300 வாட் வேண்டும். முன்னால் 26 பல் இருந்தால் அதே மிதிக்கு 5.9 கி.மீ. வேகம், சுமார் 230 வாட் போதும். பயிற்சி பெற்ற பந்தயக்காரரைத் தவிர மற்றவர்களால் 300 வாட்டை நாளெல்லாம் திரும்பத் திரும்பக் கொடுக்க முடியாது. முழங்கால்தான் முதலில் முறையிடும். ஆகவே 26 பல் உள்ள முன் பல்சக்கரம், அல்லது பின்னால் 40 பல்லுக்கு மேல் போகும் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு). இந்தப் பாதைக்கு இது ஆடம்பரமே இல்லை.

இங்கிருந்து வைட்ஹேவன் போகும் ரயிலில் பெரும்பாலும் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம். முந்தியவருக்கே கிடைக்கும்; காலை முதல் வண்டிகளைப் பிடிப்பது நல்லது. செயின் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வேறொரு சைக்கிள் அந்தப் பக்கம் சாய்ந்தால் டெரயிலர் ஹேங்கர் (செயினைப் பல் மாற்றும் டெரயிலரைச் சட்டகத்தோடு இணைக்கும் துண்டு) வளையும். சமதரையில் அது தெரியாது. முதல் செங்குத்தில் கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டெரயிலர் ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறு வேறு. வழியில் கடையில் கிடைக்கும் என்று நம்பாமல் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மே 11, வைட்ஹேவன் முதல் கெஸ்விக் வரை

சுமார் 50 கி.மீ. தொடக்கம் பழைய ரயில் தடம். கிளீட்டர் மூர் வழியாக ரவ்ரா வரை மெல்ல ஏறுகிறது, போக்குவரத்து இல்லை. ஒரே தொல்லை, மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்திருக்கும் இரும்புத் தடுப்புகள். பை மாட்டிய சைக்கிள் நேராகப் போகாது. முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிறுத்தித் தள்ளினால் ஹேண்டில்பார் மேலே நழுவிப் போகும். அதற்கும் இடமில்லையென்றால் ஒரு பையைக் கழற்றத்தான் வேண்டும். கொக்கி சட்டென்று கழலும் பைகளின் அருமை இங்கே தெரியும்.

லோஸ்வாட்டர் ஏரி தாண்டி லார்ட்டன், அதன் பிறகு வின்லேட்டர் கணவாய், 318 மீட்டர். லார்ட்டன் பக்கத்து ஏற்றம் நீளமானது, ஆனால் நியாயமானது. மேலே காட்டுப் பூங்காவில் உணவகம் உண்டு. பிரெய்த்வெய்ட் பக்க இறக்கம்தான் செங்குத்து. கண்ணில் தெரியாத வளைவுகளுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மே 12, கெஸ்விக் முதல் பென்ரித் வரை

கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரையுள்ள ரயில் தடத்தை 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, பாலங்களே போய்விட்டன. 2020 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். கிரேட்டா ஆற்றை மாறி மாறிக் கடக்கும் இந்த ஐந்து கி.மீ. முழுக்க வழவழப்பு. குழந்தைகளோடு வருபவர்களும் நம்பி வரலாம்.

ஓல்டு கோச் ரோடு என்ற மாற்று வழியையும் பலர் பரிந்துரைப்பார்கள். காட்சி அபாரம்தான். ஆனால் அது பெயர்ந்த கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் நிறைந்த மண்தடம். கேரியரில் 12 கிலோ தொங்கும் வண்டிக்கு உகந்ததல்ல. கேரியர் போல்ட்டுகள் தளர்வதும் பின்சக்கர ஸ்போக்ஸ் ஒடிவதும் இத்தகைய தடங்களில்தான். 45 மி.மீ. டயர், குறைந்த சுமை இருந்தால் போகலாம். மற்றவர்களுக்குக் கீழ்ச்சாலையே சரி.

மே 13, பென்ரித்தில் ஓய்வு

காற்று கிழக்கே திரும்பியிருக்கிறது. வேறெங்கும் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஈடன் பள்ளத்தாக்கில் தேவை. இங்கே ஹெல்ம் என்று பெயரே வைத்த ஒரு காற்று உண்டு. வடகிழக்கிலிருந்து வரும் காற்று பென்னைன் மலைத்தொடரின் முதுகின் மேல் ஏறி, கிராஸ் ஃபெல் மலையின் (893 மீட்டர்) மேற்குச் சரிவில் பாய்ந்து இறங்கும். அடையாளம் எளிது: மலைமுகட்டில் தொப்பி போல ஒரு மேகம், அதற்கு மேற்கே சற்றுத் தள்ளி அசையாமல் நிற்கும் நீளமான இன்னொரு மேகம், இரண்டுக்கும் நடுவே வெளுத்த வானம். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அன்று ஹார்ட்சைடு ஏறுவது வீண். 6 கி.மீ. வேகத்தில் தள்ளாடும் வண்டியை ஒரு வீச்சு சாலையின் நடுவுக்கே தள்ளிவிடும். பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் இது அதிகம். மற்றபடி இந்த நாட்டில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. எல்லாரும் மேற்கிலிருந்து கிழக்கே போவது அதனால்தான்.

மே 14, பென்ரித் முதல் ஆல்ஸ்டன் வரை

மேகத்தொப்பி கலைந்துவிட்டது. லாங்வத்பி வரை ஈடன் ஆற்றோரக் கிராமங்கள்; தெருக்கள் குறுகல், இருபுறமும் ஹாதோர்ன் முள்வேலி. வேலியை வெட்டும் இலையுதிர், குளிர்காலங்களில் சாலையெங்கும் முள் கிடக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டுவதில்லை என்பதால் இப்போது பஞ்சர் பயம் குறைவு. முள் குத்தினால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்க்க வேண்டும். ஒடிந்த முனை ரப்பருக்குள்ளேயே நின்று புது டியூபையும் குத்தும்.

ஹார்ட்சைடு உச்சி 580 மீட்டர். சிறு தெருக்களில் ஏறி, கடைசியில் ஏ686 சாலையில் சேர்கிறோம். நீண்ட ஏற்றம், ஆனால் ஒரே சீராகப் போகும். சின்ன கியரில் மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் இருந்த புகழ்பெற்ற உணவகம் 2018-இல் எரிந்துபோனது. பழைய வழிகாட்டிகளை நம்பி வெறுங்கையோடு ஏறாதீர்கள். இரண்டு பாட்டில் தண்ணீரும் சாப்பாடும் லாங்வத்பியிலேயே கட்டிக்கொள்ளுங்கள். 600 மீட்டர் ஏறினால் வெப்பம் நான்கு டிகிரி குறையும். வியர்த்த சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்து பிரேக்கைப் பிடிக்க முடியாது. காற்றுத்தடுப்புச் சட்டையும் கையுறையும் உச்சியிலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

இரவு வேலை: டிஸ்க் பிரேக்கின் உராய்வுக் கட்டைகளான பேட்களை மாற்றுவது. ஈரமும் பாறைத்துகளும் சேர்ந்தால் ரெசின் பேட்கள் ஒரே நாளில் தேயக்கூடும். தகடு நீங்கலாக உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பழைய பேட் உள்ளே இருக்கும்போதே டயர் கழற்றும் லீவரை நடுவில் விட்டு, பேடை அழுத்தும் பிஸ்டன்களை மெல்லப் பின்னால் தள்ளுங்கள். பேடை எடுத்துவிட்டுத் தள்ளினால் பிஸ்டன் முகம் சிதையும். பிறகு பேடைத் தாங்கும் ஊசியை உருவிப் புதிய பேடைச் செருகுங்கள். உராயும் முகத்தில் விரல் படக் கூடாது, எண்ணெய் ஏறினால் கீச்சென்று கத்தும், பிரேக் பிடிக்காது. கடைசியாக, 20 கி.மீ. வேகம் எடுத்து நடை வேகம் வரை அழுத்திப் பிடிப்பதை இருபது தடவை செய்தால்தான் முழுப் பிடிப்பு வரும்.

மே 15, ஆல்ஸ்டன் முதல் ஸ்டேன்ஹோப் வரை

தூரம் குறைவு, வேலை அதிகம். பழைய ஈயச் சுரங்க ஊரான நென்ட்ஹெட் தாண்டினால் பிளாக் ஹில், 609 மீட்டர். தேசிய சைக்கிள் வலைப்பின்னலின் மிக உயர்ந்த இடம் இதுதான். சாலையோரம் நிற்கும் உயரக் கம்பங்கள் பனி மூடிய சாலையின் விளிம்பைக் காட்ட நட்டவை. மூடுபனி இறங்கும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

மேட்டில் வேலி கிடையாது. ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். மே மாதம் குட்டிகளின் காலம். ஒருபக்கம் தாயும் எதிர்ப்பக்கம் குட்டியும் நின்றால், உங்களைக் கண்டதும் குட்டி தாயிடம்தான் ஓடும், அதுவும் உங்கள் சக்கரத்துக்கு முன்னால். தனியாக ஒரு குட்டியைப் பார்த்தாலே தாய் எங்கே என்று மறுபக்கம் தேடி, பிரேக்கில் விரல் வையுங்கள்.

அடுத்தது கேட்டில் கிரிட். சாலையின் குறுக்கே குழி தோண்டி, அதன் மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். கால்நடை தாண்டாது, வண்டி தாண்டும். அணுகும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கம்பி மேல் பிரேக் கூடாது, மிதிக்கக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவே கூடாது. இருக்கையிலிருந்து சற்று எழுந்து, நேர்க்கோட்டில், செங்குத்தாகக் கடக்க வேண்டும். மழையில் இரும்பு சோப்புப் போல வழுக்கும். டயரில் காற்று குறைவாக இருந்தால் கம்பியின் விளிம்பு டியூபைக் கடித்துப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும்.

ரூக்ஹோப்பிலிருந்து போல்ட்ஸ் லா சரிவில் ஏறும் வழியும் உண்டு. கனிமம் இழுத்த பழைய ரயில் தடம், 500 மீட்டருக்கு மேல் போகிறது. கரடுமுரடு, ஆள் நடமாட்டம் இல்லை. கிரவுஸ் என்ற பறவையின் வேட்டைக் காலத்தில், அதாவது ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை, சுடும் நாட்களில் மூடிவிடுவார்கள். கனத்த வண்டியென்றால் ஸ்டேன்ஹோப்புக்கு இறங்கிவிடுவதே மேல்.

மே 16, ஸ்டேன்ஹோப் முதல் சண்டர்லேண்ட் வரை

காலையில் ஊரை விட்டதும் கிராலிசைடு. பாதையிலேயே கொடிய ஏற்றம், உடம்பு சூடாகும் முன்பே வந்துவிடும். பத்து நிமிடம் ஊருக்குள் சும்மா ஓட்டிவிட்டு ஏறுங்கள். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் அறுந்துபோகலாம். ஒரு செயின் கருவியும் இரண்டு இணைப்புக் கண்ணிகளும் 100 கிராம் எடைக்குப் பெரிய காப்பீடு. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம். அதற்கு ரப்பர் அடி வைத்த காலணி வேண்டும், இரும்புப் பூட்டுக் காலணி வழுக்கும்.

மேலே வாஸ்கர்லி தடத்தில் ஏறியபின் மீதி முழுக்க மெல்லிய இறக்கம். 1834-இல் ஓடத் தொடங்கிய ஸ்டேன்ஹோப் - டைன் ரயில்வேயின் தடம் இது. கான்செட்டுக்குச் சற்று முன் ஹவுன்ஸ்கில் பாலம், தாமஸ் பவுச் வடிவமைத்தது, 1858. கான்செட் இரும்பாலை 1980-இல் மூடப்பட்ட பிறகு அங்கே ஆலை இருந்த சுவடே இல்லை.

கான்செட்டில் பாதை பிரிகிறது. டெர்வென்ட் ஆற்றோரமாக நியூகாசில், டைன்மவுத் போகும் கிளை பசுமையானது. சண்டர்லேண்ட் கிளையில் தடுப்புகள் அதிகம், ஊர்களை ஒட்டிய இடங்களில் கண்ணாடித்துண்டும் கிடக்கும். சண்டர்லேண்டில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு டைன்மவுத்தையே சொல்வேன். கிழக்குக் காற்றடிக்கும் மே மாத நாட்களில் கரையோரம் கடல் மூடுபனி படரும். பின்விளக்கைப் பகலிலேயே எரியவிடுங்கள்.

கடைசியில் சக்கரத்தைக் கடலில் நனைப்பது வழக்கம். டயர் அளவுக்கு மட்டும் நனைத்தால் போதும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் வரை இறக்கினால் உப்பு பேரிங்கில் ஏறும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகே ரயிலில் ஏற்றுங்கள்.